வீட்டு நாயும் ஓநாய்க் கணக்கும்

குட்டி நாய் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் அறிவுரைக்குப் பஞ்சமிருக்காது. சோறு போடாதீர்கள், நாய் ஓநாயின் வாரிசு, அதற்குப் பச்சைக்கறிதான் உணவு என்பார் ஒருவர். நீங்கள் சாப்பிட்ட பிறகே அதற்கு வைக்க வேண்டும், வாசலில் உங்களை முந்திக்கொண்டு போக விடக்கூடாது, உறுமினால் மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் உங்களைத் தலைவராக மதிக்காது என்பார் இன்னொருவர். முதலாமவர் பேசுவது தீனியைப் பற்றி, அடுத்தவர் பேசுவது பழக்குவதைப் பற்றி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வீட்டில் வளர்வது ஓநாய் என்ற எண்ணம். அந்த எண்ணம் தவறு. அதை நம்பி நடப்பதால் நாய்க்கும் கேடு, அதோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் கேடு.

நாய் ஓநாயின் வழி வந்தது என்பதில் ஐயமில்லை. இரண்டும் கூடினால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டியும் மலடாக இராது. ஆனால் இரண்டின் வழிகளும் பிரிந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலமும் நாய் மனிதன் தின்றதில் மிச்சத்தைத் தின்று வாழ்ந்திருக்கிறது. அதன் தடம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சனும் அவர் குழுவினரும் 2013-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 படிகள் மட்டுமே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதை அவர்கள் கண்டார்கள். வேளாண்மை வேரூன்றிய நிலங்களின் நாய்களில் இந்த எண்ணிக்கை கூடுதல் என்றும், ஆஸ்திரேலியாவின் டிங்கோ, பனிநாட்டு ஹஸ்கி போன்றவற்றில் குறைவு என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. தானியம் விளைந்த ஊர்களின் நாய் தானியத்துக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது.

நாயின் எச்சிலில் அமைலேஸ் கிடையாதே, பிறகு எப்படிச் சோறு செரிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. எச்சிலில் அது இல்லை என்பது சரிதான். நாய்க்கு அந்த நொதி கணையத்திலிருந்து சிறுகுடலுக்கு வருகிறது. நன்றாக வெந்த அரிசி அங்கே சிக்கலின்றிச் செரித்துவிடும். சோற்றையும் கறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாய் கறியைத்தானே எடுக்கிறது என்பது அடுத்த கேள்வி. கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களிடம் செய்த சோதனைகளும் அதையேதான் காட்டின: இறைச்சி வாடை எதில் அடிக்கிறதோ அதை முதலில் தின்கின்றன. குப்பையைக் கிளறி வயிற்றைக் கழுவும் பிராணிக்குக் கறி எப்போதாவதுதான் அகப்படும். கிடைத்தபோது முதலில் விழுங்குவதே அதற்கு லாபம். விரும்பித் தின்பதைக் கொண்டு உடம்புக்குத் தேவையானதை முடிவு செய்ய முடியாது. எலும்பில்லாத கறியை மட்டும் போட்டு வளர்த்தால் என்ன ஆகும் என்பது கால்நடை மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். கறியில் கால்சியத்தைப் போலப் பதினைந்து இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. கால்சியக் குறையை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்தே அதை உருவும். வளரும் குட்டிக்குக் கால் வளையும், லேசாகத் தாவினாலே எலும்பு முறியும். பச்சையாகக் கொடுப்பதால் சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் கூடவே வருகின்றன. நாய் நோய்வாய்ப்படாமல் தப்பினாலும், அது நக்கிய பிள்ளையின் கை தப்பும் என்பதற்கு உறுதியில்லை.

இதைப் படித்துவிட்டுத் தயிர்சோறே போதும் என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் ஓநாய்க் கதையை நம்பிக் கெடும் குட்டிகளை விட, பால்சோற்றிலும் தயிர்சோற்றிலும் மட்டுமே வளர்ந்து வயிறு உப்பிக் கால் நலிந்து நிற்கும் குட்டிகள் அதிகம் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் நாய்த் தீவனத்துக்கு வகுத்திருக்கும் அளவுப்படி, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் வளர்ந்த நாயின் உணவில் 18 சதவீதமும் குட்டியின் உணவில் 22.5 சதவீதமும் புரதம் இருக்க வேண்டும். அரிசியில் இருப்பது 7 அல்லது 8 சதவீதம். ஆகவே சோறு இருக்கலாம், அதோடு வெந்த முட்டை, மீன், கோழி, ஈரல் என்று ஏதாவது சேரவே வேண்டும். கால்சியம் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கால்சியம் டானிக்கைத் தாமாகவே வாங்கி ஊற்றுவதும் ஆபத்து. கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கோணலாகத்தான் வளரும். சாம்பார் சோற்றைக் கொடுக்கவே வேண்டாம். வெங்காயம் வெந்திருந்தாலும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழியெலும்பு கூராகச் சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும்.

இனி தலைவன் கதைக்கு வருவோம். அது தொடங்கியது ஒரு மிருகக்காட்சிசாலையில். ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-ல் எழுதியபோது, அவை முதலிடத்துக்காக ஓயாமல் மோதிக்கொள்வதாகச் சொன்னார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய் நூல் அந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. பிறகு அதே மெக், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களின் அருகிலேயே இருந்து பார்த்தார். அங்கே ஒரு கூட்டம் என்பது தாயும் தகப்பனும் அவற்றின் பிள்ளைகளும்தான். தலைமைக்கு யாரும் சண்டை போடவில்லை. பெற்றவை வழிநடத்தின, பிள்ளைகள் பின்தொடர்ந்தன. இதை அவர் 1999-ல் வெளிப்படையாக எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்தினார். பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பல ஆண்டுகள் கேட்டார்; கடைசியில் 2022-ல் அது நின்றது. நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்கும் முறையை 1978-ல் தங்கள் நூலால் பிரபலமாக்கிய அமெரிக்காவின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகளும், திருத்திய பதிப்பில் அதைக் கைவிட்டார்கள். சொன்னவர்களே திரும்பப் பெற்றுக்கொண்ட கருத்தை நாம் இன்னும் நாய்க்குட்டிகளின் மேல் ஏவிக்கொண்டிருக்கிறோம்.

அடித்தால் கேட்கிறதே என்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அடி வாங்கிய நாய் அந்த நேரத்துக்கு அடங்குவது உண்மை. அடங்காமல் எதிர்த்துத் திரும்பியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேகன் ஹெரான் குழு 2009-ல் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு அறிந்தபடி, அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரின் நாய்கள் சீறின அல்லது கடிக்கப் பாய்ந்தன; மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களுக்கு 31 சதவீதம். அவை மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்ட சிக்கலான நாய்களாயிற்றே என்று ஆட்சேபிக்கலாம், நியாயம்தான். ஆனால் போர்ச்சுகலில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு சாதாரணப் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்த 92 நாய்களை எடுத்துக்கொண்டது. தண்டித்துப் பழக்கிய பள்ளிகளின் நாய்களில் மிரட்சியின் அடையாளங்களும், பயிற்சிக்குப் பின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் அளவும் அதிகமாக இருந்தன. அந்த மிரட்சி பயிற்சி முடிந்ததும் போய்விடுவதில்லை, வீட்டுக்கும் வருகிறது.

ஓநாயிடம் இல்லாத ஒன்று நாயிடம் இருப்பதால் அடியே தேவைப்படாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புடாபெஸ்டில் ஆடாம் மிக்லோஷியின் குழு 2003-ல் செய்த சோதனையில், திறக்க முடியாதபடி அடைத்த தீனியைக் கொடுத்ததும் நாய்கள் சிறிது முயன்றுவிட்டு அருகிலிருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தன. மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்கள் அப்படிப் பார்க்கவில்லை, அடைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தன. பயிற்சியே பெறாத இந்தியத் தெருநாய்கள்கூட, அணுகி வந்தவற்றில் சுமார் 80 சதவீதம், விரல் காட்டிய கிண்ணத்துக்கே போயின. முகம் பார்க்கும் பிராணிக்குச் சரியாகச் செய்த நொடியில் ஒரு துண்டு ஈரலைக் கொடுத்தால் போதும், கற்றுக்கொள்ளும். கற்க ஏற்ற காலம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை. தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வெளியுலகமே காட்டக்கூடாது என்று அந்தக் காலம் முழுவதும் பூட்டி வைப்பது பெரிய இழப்பு. தெருமண்ணில் விடாமல் தோளில் தூக்கிப் போய் ஆட்டோ சத்தத்தையும், குடை பிடித்த ஆளையும், குழந்தைகளையும் பார்க்க வைக்கலாம்; பார்வோ வைரஸ் தொற்றும் அபாயமும் அதனால் குறையும்.

நாய் உறுமுவதை அடக்க வேண்டாம். அது கடிக்கப் போவதற்கு முன் தரும் எச்சரிக்கை. அடித்து அடக்கினால் எச்சரிக்கை மறையும், பயம் அப்படியே இருக்கும், அடுத்த முறை சத்தமில்லாமல் பல்லே இறங்கும். வெறிநாய்க்கடிக்கு இன்னும் உயிர்கள் பலியாகும் நாட்டில் ஒரு கடியைத் தவிர்ப்பது சிறிய காரியம் இல்லை. தட்டருகே போனால் உறுமுகிறதென்றால், கையை உள்ளே விட்டு யார் பெரியவர் என்று காட்டக் கூடாது. எட்டி நின்று அதைவிட ருசியான துண்டொன்றை வீசிவிட்டு விலகினால், நாளடைவில் மனிதர் வருவது நல்லது என்று அது புரிந்துகொள்ளும். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் அதைத் திமிர் என்று நினைப்பதற்கு முன் காது, பல், இடுப்பு மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலியில் இருக்கும் நாய்க்குப் பயிற்சியாளர் செய்யக்கூடியது எதுவும் இல்லை.