ஊசிமுனை அச்சம்

நுழையும்முன்

நோய் தீர்க்கும் மருந்தைவிட அதனைச் செலுத்தும் ஊசியே சிலருக்குப் பெருந்துன்பமாகிறது. இதனைக் கோழைமை என்று நகைப்போர் பலர். மருத்துவ அறிவியலோ இதற்கு வேறு பெயரும் தருகிறது; தீர்வும் தருகிறது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, தெய்வம், விலங்கு, கள்வர், தலைவர் என அது தோன்றும் களங்கள் நான்கினை எடுத்துரைக்கிறார். மருத்துவர் கையிலுள்ள ஊசிக்கு அவற்றுள் இடமில்லை. தோலைத் துளைத்து மருந்து செலுத்தும் ஊசி பயன்பாட்டுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தானே!

ஊசியைக் கண்டு முகம் சுளிப்பது இயல்பு. ஆனால், அதற்கு அஞ்சி மருத்துவமனைப் பக்கமே செல்லாதிருப்பது 'வெருளி' எனப்படும். இதன் விளைவு சிறிதன்று. நாய்க்கடிக்குப் பின்னர் முதல் தடுப்பூசியோடு நின்றுவிடுபவர், தம் உயிரையே பணயம் வைக்கிறார். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. முதல்வகை நீரிழிவு உள்ள சிறாருக்கோ இன்சுலின் இன்றி ஒருநாள் கழிவதும் இடர்.

பிற வெருளிகளுக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. பாம்பைக் கண்டு அஞ்சுபவரின் நெஞ்சு படபடக்கும். குருதி அழுத்தம் உயரும். அவர் மயங்கி விழுவதில்லை. ஊசிக்கு அஞ்சுவோர் பலருக்கு அழுத்தம் முதலில் உயர்ந்து, பின் சட்டெனச் சரிகிறது. இதயத்துடிப்பும் தளர்கிறது. மூளைக்குச் செல்லும் குருதி குறைய, கண் இருண்டு மயக்கம் வருகிறது. இஃது உடலின் அனிச்சைச் செயல், மனவுறுதியின் குறைபாடன்று. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது காணப்படுவதும் உண்டு. ஊசி வெருளி புறக்கணிக்கப்பட்ட நோய் என 1995இல் கட்டுரை எழுதிய ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க மருத்துவரே ஊசிக்கு அஞ்சியவர்தாம்.

"உடலைத் தளர்த்திக்கொள், ஒன்றும் ஆகாது" என்று அருகிலிருப்போர் கூறுவர். மயங்கி விழும் இயல்புடையோர்க்கு இவ்வறிவுரை எதிர்விளைவையே தரக்கூடும். தளர்ந்த உடலில் அழுத்தம் மேலும் குறையுமன்றோ? சுவீடன் நாட்டு உளவியலறிஞர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் இதற்கு நேர்மாறான பயிற்சியை வகுத்து, 1987இல் வெளியிட்டார். கை, கால், மார்புத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தில் வெம்மை பரவியதும் இயல்புநிலைக்கு வரவேண்டும், முற்றிலும் தளர்ந்துவிடலாகாது. அரை நிமிடம் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். இவ்வாறு ஐந்துமுறை செய்தால் அழுத்தம் சரியாமல் காக்கப்படுகிறது. ஊசி போடப்படும் கை மட்டும் தளர்ந்திருத்தல் நன்று.

இப்பயிற்சியோடு, அச்சந்தரும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளவும் உளவியல் வல்லுநர் துணைபுரிகிறார். முதலில் ஊசியின் படம், பிறகு காணொலி, அடுத்து மேசைமேல் உறையிட்ட ஊசி. அதைக் கையில் எடுத்தல், முனையற்ற குழலைத் தோலில் வைத்தல் எனப் படிகள் தொடரும். ஒரு படியில் அச்சம் தணிந்த பின்னரே அடுத்த படி. வற்புறுத்தல் இங்கு இல்லை. பிடித்து அழுத்தி ஊசி போடும் வழக்கமே பல சிறாரிடம் இவ்வச்சத்தை வேரூன்றச் செய்கிறது என்பதைப் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும். வலியே முதன்மைத் தடையானால், தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஏறத்தாழ ஒரு மணிநேரம் முன்னதாகத் தடவிக்கொள்ளலாம். மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

உதவி நாடும் வழியும் தொலைவில் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் காணலாம். 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மனாஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தடுப்பூசி போடும் நாளில், "எனக்கு மயக்கம் வரும்" என்று செவிலியரிடம் முன்னரே கூறிவிட்டால், அவர் படுக்க வைத்தே ஊசி போடுவார்.