யாருடைய வாளியில் இருந்து குறைப்பது?

தண்ணீர் பவுசரை எதிர்பார்த்து வரிசையில் நின்று பழகிய நமக்கு, "தண்ணீரைச் சிக்கனமாகப் பாவியுங்கள்" என்ற அறிவித்தல் புதிதல்ல. முகாமில் குடும்பத்திற்கு இத்தனை வாளி என்ற கணக்கை அறிவோம்; அந்தக் கணக்கினால் மூண்ட சண்டைகளையும் அறிவோம். தண்ணீர் குறைந்தது மட்டுமா சண்டைக்குக் காரணம்? ஒரு பெரிய நகரத்தின் அனுபவத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. கேப்டவுனில் நடந்தது

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரம் மழைநீரைத் தேக்கும் அணைகளை நம்பி வாழ்வது. 2015 முதல் 2017 வரை மூன்று வருடங்கள் தொடர்ந்து மழை பொய்த்தது. 2018 பெப்ரவரி 1 முதல், ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லீற்றர் மட்டுமே என்று நகரசபை விதித்தது. அணைகளின் நீர் 13.5 வீதத்திற்கு இறங்கினால் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் மூடப்படும், மக்கள் ஏறத்தாழ 200 பொது நிலையங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லீற்றர் பெறவேண்டும் என்றும் அறிவித்தது. அந்த நாளைப் 'பூச்சிய நாள்' என்றார்கள்.

மக்கள் குளித்த நீரை வாளியில் பிடித்து மலசலகூடத்திற்கு ஊற்றினார்கள். 2015 இன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கோடி லீற்றர் பாவித்த நகரம், 2018 இன் முற்பகுதியில் அதில் பாதிக்கும் குறைவாகவே பாவித்தது. 2018 நடுப்பகுதியில் மழை வந்தது. பூச்சிய நாள் வரவில்லை.

2. ஒரே சட்டம், பல கருத்துக்கள்

இச்சட்டத்தை எல்லோரும் ஒரே விதமாகப் பார்க்கவில்லை. குடிசைப் பகுதி மக்கள் பல வருடங்களாகப் பொதுக்குழாயடியில் வாளியுடன் நின்றவர்கள். நகரம் பாவித்த நீரில் அவர்களுடைய பங்கு 5 வீதத்திற்கும் குறைவு. தங்களுக்கு எல்லா நாளும் பூச்சிய நாளே என்பது அவர்களில் பலரின் கருத்து.

வசதி குறைந்த வீடுகள் பலவற்றில், நாளொன்றுக்கு 350 லீற்றர் வந்ததும் நீரை நிறுத்திவிடும் கருவி பூட்டப்பட்டிருந்தது. நான்கு பேருள்ள வீட்டில் ஆளுக்கு 87 லீற்றர் கிடைக்கும். பின்வளவுக் கொட்டிலில் வாடகைக்கு இருப்போரையும் சேர்த்துப் பத்துப் பேர் என்றால் 35 லீற்றர்தான். கருவி வீட்டை எண்ணியது, ஆட்களை எண்ணவில்லை. வசதியுள்ளோர் சிலரோ குழாய்க்கிணறு அடித்துத் தோட்டத்தைப் பச்சையாக வைத்திருந்தார்கள். ஆயினும் அதிகம் பாவித்த வசதியுள்ள வீடுகளே அதிகம் குறைத்தன என்பதையும் நாம் மறைக்கலாகாது.

3. விவசாயிகளின் நீர்

அதே அணைகளின் நீரை நம்பிய விவசாயிகளுக்கு அவர்களுடைய பங்கில் 60 வீதம் வெட்டப்பட்டது. விளைச்சலும் கூலிவேலையும் குறைந்தன. எனினும் 2018 பெப்ரவரியில் அயலிலுள்ள எல்ஜின் பகுதிப் பழத்தோட்டக்காரரின் நீர்ப்பாவனையாளர் சங்கம், தான் சேமித்து வைத்திருந்த நீரில் 1,000 கோடி லீற்றரை விலையின்றி நகரத்திற்குத் திறந்துவிட்டது.

நம் நாட்டில், இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசெல்லும் திட்டம் 2010 இற்குப் பின்னர் வந்தபோது, சிறுபோகத்திற்கே நீர் போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தவரின் தாகமும் பொய்யல்ல. அங்கே கிணறுகள் பலவற்றில் உவரும் உரத்தின் நைத்திரேற்றும் கலந்துள்ளன. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எல்ஜினில் கொடுத்தவர்கள் தாங்களே தீர்மானித்தார்கள். கொடுத்த அளவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொடுக்கச் சம்மதிப்பதும் பறிகொடுப்பதும் ஒன்றல்ல.

4. நமக்குரிய பாடம்

சிறுபோகத்திற்கு முன் கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி நீர் என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுத்தவர்கள் நாம். காணியை விட்டு வந்தோம்; அந்த அறிவை விட்டு வரவில்லை. இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவோம்:

அ) வந்த நீர் எவ்வளவு, பங்கிட்டது எவ்வளவு என்ற கணக்கை எல்லோரும் காணும் இடத்தில் எழுதிவைப்போம்.

ஆ) குடும்பத்தை அல்ல, ஆட்களை எண்ணுவோம். கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்போம்.

இ) குறைக்க நேர்ந்தால், அதிகம் பாவிப்பவரிடமிருந்து தொடங்குவோம்.

ஈ) தண்ணீர் சுமக்கும் பெண்கள் இல்லாமல் தண்ணீரைப் பற்றித் தீர்மானம் எடுக்காதிருப்போம்.

தொடக்க நூல் 26 ஆம் அதிகாரத்தில், ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய இரண்டு கிணறுகளுக்காகக் கெரார் நாட்டு இடையர்கள் வாதாடினார்கள். மூன்றாவது கிணற்றுக்குச் சண்டை வரவில்லை. இடம் தாராளமாய்க் கிடைத்தது என்று பொருள்படும் பெயரை ஈசாக்கு அதற்கு இட்டார். அவரும் இடம்பெயர்ந்து வாழ்ந்த விவசாயியே. நம் மத்தியில் அந்த மூன்றாவது கிணறு எது?

குழுவாகக் கலந்துரையாட

1. நமது இடத்தில் தண்ணீர் பங்கிடும் முறையைத் தீர்மானித்தவர் யார்? நம்மிடம் கேட்டார்களா?

2. நம் வீட்டில் ஆளுக்கு எத்தனை லீற்றர் கிடைக்கிறது? ஒரு கிழமை அளந்து பாருங்கள்.

3. நம்மிலும் குறைவாகப் பெறும் குடும்பம் எது? அவர்களுக்காக நாம் எதை விட்டுக்கொடுக்கலாம்?