புதுக் குட்டிக்குப் படர்தாமரை: கடைக்காரரிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். மகள் பிறந்தநாளுக்காகப் போன மாதம் ஒரு சனிக்கிழமை, சுங்கைப்பட்டாணியில் ஒரு கடையில் 1,300 வெள்ளி கொடுத்து ஷிட்சு குட்டி ஒன்று வாங்கினோம். காதுக்குப் பின்னால் முடி கொஞ்சம் கொட்டியிருந்ததைக் கேட்டதற்கு, “பூச்சிக்கடி, இரண்டு நாளில் சரியாகிவிடும்” என்றார் கடைப் பையன். நான்காம் நாள் அந்த இடம் வட்டமாகி, முகத்திலும் இன்னொரு வட்டம் வந்தது. ஆறாம் நாள் மிருக டாக்டரிடம் கொண்டுபோனோம். படர்தாமரை, மனிதருக்கும் தொற்றும் என்று சொல்லி மருந்து கொடுத்தார். இதுவரை 460 வெள்ளி செலவு. இரண்டாவது வாரம் மகளின் கையிலும் வட்டம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் வந்திருக்கிறது. அவன் அப்பா போலீசுக்குப் போவேன் என்கிறார். கடைக்காரரோ ரசீதில் “திரும்பப் பெறப்படாது” என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். வேண்டுமானால் வேறு குட்டி தருகிறேன் என்கிறார். மாமியார், குட்டியைத் தூர எங்காவது செம்பனைக்குள் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். மகள் அழுகிறாள். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோலா கெத்தில்

பதில்: அம்மா, போகிற போக்கில் “நான்காம் நாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்குக்கு அந்த இரண்டு சொற்கள்தான் முதுகெலும்பு.

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. நாய்க்குட்டிகளுக்கு வருவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற வகை. அது ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து வட்டம் வெளியே தெரிய ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். நான்காம் நாளிலேயே வட்டம் தெரிந்திருக்கிறது, அதுவும் வாங்கும்போதே முடி கொட்டியிருந்த அதே இடத்தில். உங்கள் வீட்டுக்கு வரும்போதே குட்டிக்கு நோய் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கடைக்காரர் கட்டாயம் ஒன்று சொல்வார்: “தோட்டத்துப் பூனையிடமிருந்து வந்திருக்கும், மண்ணிலிருந்து வந்திருக்கும்.” இரண்டுமே நடக்கக்கூடியவைதான். அதனால்தான் தேதி முக்கியம். மிருக டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். என்ன நோய், எந்தச் சோதனையில் தெரிந்தது, முதலில் பார்த்த தேதி என்ன, அந்த நிலைக்கு வர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வூட்ஸ் என்ற புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தது என்று மட்டும் எழுதி விட்டுவிட வேண்டாம். இந்தப் பூஞ்சையின் எல்லா வகையும் அந்த விளக்கில் ஒளிர்வதில்லை. ஒளிர்வதெல்லாம் பூஞ்சையும் அல்ல. முடியை எடுத்துப் பூஞ்சை வளர்த்துப் பார்க்கும் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கடைக்காரர் மறுக்க முடியாத தாள் அதுவாகத்தான் இருக்கும்.

இனி சட்டம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், ‘பொருள்’ என்பதில் விலங்குகளையும் மீனையும் சேர்த்தே சொல்கிறது. உயிருள்ள குட்டியைப் பொருள் என்று சொல்ல மனம் வராதுதான். ஆனால் இந்த இடத்தில் அது உங்களுக்குச் சாதகம். தொழிலாக விற்பவர் விற்கும் எந்தப் பொருளும் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாப்பானதாக இருக்க வேண்டும், மறைந்த குறை இருக்கக்கூடாது. வீட்டுக் குழந்தைக்குத் தொற்றக்கூடிய நோயோடு விற்கப்பட்ட குட்டி அந்தத் தரத்துக்கு வராது.

கடைக்காரருக்கு இதில் ஒரே ஒரு வாசல் உண்டு. விற்பதற்கு முன்பே குறையைக் குறிப்பாக எடுத்துக் காட்டி, அதைத் தெரிந்துகொண்டே நீங்கள் வாங்கியிருந்தால் அவர் தப்பிக்கலாம். இங்கே நடந்ததோ நேர்மாறு. நீங்களே கேட்டிருக்கிறீர்கள், “பூச்சிக்கடி” என்று பதில் வந்திருக்கிறது. அது குறையை எடுத்துச் சொன்னதாகாது. பொருளின் நிலையைப் பற்றித் தவறான எண்ணம் தருவது அதே சட்டத்தின் 10ஆம் பிரிவில் தனிக் குற்றம். அன்று கடையில் உங்களோடு யார் இருந்தார்கள், அந்தப் பேச்சை யார் கேட்டார்கள் என்பதை இன்றே எழுதி வையுங்கள். மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு கடையிலேயே படம் எடுத்திருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். காதுப் பக்கம் தெரிகிற படமாக இருந்தால் இன்னும் நல்லது.

ரசீதில் அச்சடித்த வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம் தரும் உரிமை போகாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. கெடா முழுக்கக் கடைகளில் அந்த வாசகத்தைப் பார்க்கிறேன். அதை நம்பி எத்தனையோ பேர் வாய் திறக்காமல் திரும்பிப் போகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. குட்டியைப் பக்கத்துத் தோட்டத்தில் யாராவது வீட்டு நாய் போட்ட குட்டி என்று வாங்கியிருந்தால் நான் எழுதுவது வேறாக இருந்திருக்கும். இந்தச் சட்டம் தொழிலாக விற்பவரை மட்டுமே பிடிக்கும்.

அடுத்து, கடைக்காரரிடம் என்ன கேட்பது? சரிசெய்யக்கூடிய குறையாக இருந்தால், முதலில் விற்றவரிடமே சரிசெய்யச் சொல்ல வேண்டும். அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, வேறு இடத்தில் சரிசெய்துகொண்டு நியாயமான செலவை அவரிடம் வசூலிக்கலாம். அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். படர்தாமரை குணமாகும் நோய். அதனால் இந்த வரிசையை நீங்கள் தாண்டக்கூடாது. தொற்றுநோய் என்பதால் ஆறாம் நாள் அவசரத்துக்கு டாக்டரிடம் போனதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் இனி வரும் செலவுக்கு, கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு வாய்ப்பு கொடுத்ததாகக் காட்ட வேண்டும். இன்று இரவே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாங்கிய தேதி, விலை, நோயின் பெயர், டாக்டர் கடிதத்தின் படம், “இதுவரை ஆன 460 ரிங்கிட்டையும் குணமாகும்வரை ஆகும் மருத்துவச் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும், ஏழு நாளுக்குள் பதில் தேவை” என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். மலாயில் எழுதினால் பிறகு தீர்ப்பாயத்தில் அப்படியே காட்டலாம். திட்ட வேண்டாம். ஃபேஸ்புக்கில் கடையின் பெயரைப் போட்டு எழுதவும் வேண்டாம். கோபத்தில் போட்ட பதிவால் நியாயம் உள்ளவரே அவதூறு வழக்கில் மாட்டிக்கொள்வதுண்டு.

மாற்றுக் குட்டியை வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அது பெரும்பாலும் அதே கூண்டில் வளர்ந்த குட்டியாகத்தான் இருக்கும். அப்படி இல்லாவிட்டாலும், உதிர்ந்த முடியோடு இந்தப் பூஞ்சையின் வித்துகள் ஒன்றரை ஆண்டுவரைகூட உயிரோடு இருக்கும். நல்ல குட்டியைக் கொண்டுவந்தாலும் உங்கள் வீட்டிலேயே அதற்கு ஒட்டிக்கொள்ளும். அப்போது, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. இப்போது கையில் இருக்கும் வலுவான வழக்கைக் கடைக்காரர் ஒரு குட்டியைக் கொடுத்தே வாங்கிக்கொண்டுவிடுவார்.

திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதும் உங்களுக்கு உள்ள வழிதான். ஆனால் அதற்கு நாள் கடத்தக்கூடாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் குட்டி வாங்கிய 14 வேலை நாளுக்குள் மிருக டாக்டர் சான்று கொடுக்க வேண்டும் என்று கெடு இருக்கிறது. நம் சட்டம் நாளை எண்ணிச் சொல்லவில்லை. நியாயமான காலத்துக்குள் என்று மட்டுமே சொல்கிறது. திருப்புகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் குட்டியின் உடைமை கடைக்காரருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அதற்கு மருந்து தொடருமா, எந்தக் கூண்டில் கிடக்கும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்காது. மகள் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். குட்டியை வைத்துக்கொண்டு செலவைக் கேட்பதுதான் சரி என்பது என் கருத்து.

வைத்துக்கொள்வதானால் ஒழுங்காக வைத்தியம் பார்க்க வேண்டும். தன் இழப்பைக் குறைக்க முயலாதவருக்குச் சட்டம் முழு ஈடு தராது. சொறி பிடித்த நாய்க்கு வண்டியில் வடித்த எஞ்சின் எண்ணெயைப் பூசும் வழக்கம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். குட்டி நக்கி நஞ்சேறிச் செத்தும் போகலாம். தோல் வெந்துபோனால் “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்று கடைக்காரர் சொல்ல நாமே வழி செய்ததாகும். துடைக்க எளிதான ஓர் அறையில் குட்டியைத் தனியாக வையுங்கள். டாக்டர் சொன்னபடி மருந்து, குளியல், தினமும் முடி பெருக்குதல், வெந்நீரில் துணி துவைத்தல், தரையில் குளோரோக்ஸ். வட்டம் மறைந்ததும் நிறுத்திவிடக்கூடாது. அடுத்தடுத்து இரண்டு சோதனைகளில் பூஞ்சை வளரவில்லை என்று வரும்வரை தொடர வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இயங்குவது, கெடாவுக்கு அலோர்ஸ்டாரில். இணையத்திலும் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட். 2019 முதல் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். முதல் படிவத்தில் கடையின் பதிவுப் பெயரும் எண்ணும் முகவரியும் சரியாக இருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள பெயரை நம்பாமல் ரசீதிலிருந்தோ கம்பெனிப் பதிவகத்திலிருந்தோ எடுங்கள். என்னை அழைக்க வேண்டாம், அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. நீங்களே பேச வேண்டும். எதிர்த்தரப்பும் அப்படியே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள். தனியாகத் தயங்கினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஒரே விஷயத்தைத் துண்டு துண்டாகக் கோர முடியாது. காலக்கெடுவோ மூன்று ஆண்டு. ஆகவே வைத்தியம் முடிந்து மொத்தக் கணக்கு தெரிந்தபின் பதிவதே நல்லது.

மகளின் கைக்கு ஆன செலவை அந்தத் தீர்ப்பாயத்தில் கேட்க முடியாது. உடலுக்கு நேர்ந்த பாதிப்பை விசாரிக்க அதற்கு அதிகாரமில்லை. கேட்பதானால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்; 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைக்கு அங்கே வழி உண்டு. ஆனால் அரசுக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்குப் பார்க்கக்கூடியதற்காக இன்னொரு வழக்கு வேண்டுமா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுவிடுவேன். கிளினிக் சீட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு என்ன நோய் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். போலீஸ் இதில் செய்வதற்கு அதிகம் இல்லை. அவர் உங்கள் மீது சிவில் வழக்குப் போட்டால், நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று அவர்தான் காட்ட வேண்டும். ஆறாம் நாளுக்கு முன் பையன் குட்டியோடு விளையாடியிருந்தால், உங்களுக்கே தெரியாத நோய்க்கு உங்களைப் பொறுப்பாக்குவது கடினம். டாக்டர் சொன்ன பிறகும் விளையாட விட்டிருந்தால் நிலைமை மாறும். அன்றிலிருந்து குட்டி யார் கையிலும் போகாமல் இருந்ததா என்று உண்மையாக யோசித்துப் பாருங்கள். எப்படியானாலும், கிளினிக் செலவை நல்லெண்ணத்துக்காக நான் தருகிறேன் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். ஒரே லயத்தில் வாழ்கிறவர்கள். அந்தப் பிள்ளையும் மருந்து முடியும்வரை பூசினால்தான் உங்கள் மகளுக்கு மறுபடி வராது.

மாமியார் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வளர்ப்பவர் தன் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. மீறினால் 15,000 முதல் 75,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கடைக்காரரிடம் பேசும்போது பொருளாக இருந்த குட்டி, இந்தச் சட்டத்தின் முன் உயிர். செம்பனைக்குள் விட்டால் அது பட்டினியிலும் நோயிலும் சாகும். சாவதற்குள் இன்னும் பல பூனைக்கும் பிள்ளைக்கும் பரப்பும். மாமியாரிடம் அபராதத் தொகையைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டதற்கான அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கோலா கெத்தில் இருக்கும் பாலிங் மாவட்டம் தாய்லாந்து எல்லையை ஒட்டியது. 2015இல் கெடா, பெர்லிஸ், பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. வயது வந்ததும் ஊசி போட்டு, பாலிங் மாவட்ட மன்றத்தில் நாய் உரிமத்தையும் எடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாத நாய்க்காக நியாயம் கேட்பவரைப் பார்த்து எதிராளி முதலில் கேட்பது அதைத்தான். தோட்டக் குடியிருப்பில் நாய் வளர்க்க நிர்வாகத்தின் விதி ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தக் கடையில் அதே கூண்டில் இருந்த மற்றக் குட்டிகள் இன்று வேறு வீடுகளில் இருக்கும். சில இன்னும் கூண்டிலேயே, மருந்தில்லாமல் கிடக்கும். விலங்குகளை விற்கும் கடை விலங்குநலச் சட்டப்படி உரிமம் பெற்றே நடக்க வேண்டும். டாக்டர் கடிதத்தின் நகலோடு கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். உங்கள் பணம் கைக்கு வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.