கேட்பவர் யார் என்று முதலில் கேளுங்கள்: தொலைபேசியில் அடையாளம் கூறும் முறை

மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே கேள்வி உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டிருக்கும்: "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" மருந்து கொடுக்க வரும் செவிலியர் கேட்பார். இரத்தம் எடுக்க வருபவர் கேட்பார். ஸ்கேன் அறையில் மீண்டும் கேட்பார்கள். சிலருக்கு இது சலிப்பைத் தரும். ஆயினும், ஒருவருக்குரிய மருந்து மற்றொருவருக்குச் சென்றுவிடாமல் காப்பது இக்கேள்விதான். பெயர், பிறந்த தேதி, மருத்துவமனைப் பதிவெண் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டையேனும் ஒத்துப் பார்க்க வேண்டும். படுக்கை எண்ணை அடையாளமாகக் கொள்ளலாகாது என்பது நோயாளர் பாதுகாப்பின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தொலைபேசியில் உங்கள் விவரங்களைக் கேட்பதும் இதே நோக்கத்தால்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வார்டில் கேட்பவர் உங்கள் முன் நிற்கிறார். சீருடையும் அடையாள அட்டையும் அணிந்திருக்கிறார். தொலைபேசியிலோ குரல் ஒன்றே உள்ளது. நீங்கள் யார் என்று அவர் அறிய வேண்டியது போலவே, அவர் யார் என்று நீங்களும் அறிய வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நோய்க்காலத்தில் இத்தகைய அழைப்புகள் மிகுதியாக வரும். காப்பீட்டு அனுமதி, மருந்துக் கட்டணம், பரிசோதனை முடிவு, வங்கிப் பரிமாற்றம் என ஒவ்வொன்றுக்கும் யாரேனும் அழைப்பார்கள். உறக்கமின்றிக் களைத்திருக்கும் குடும்பத்தாரே பெரும்பாலும் அவ்வழைப்புகளை எடுக்கிறார்கள். ஆகவே இப்பாடம் அவர்களுக்கும் உரியது.

நிறுவனங்கள் ஏன் கேட்கின்றன?

உங்கள் கணக்கைப் பற்றிப் பேச வேறொருவர் முயலக்கூடும். அவரைத் தடுப்பதற்காகவே, ஏற்கெனவே பதிவில் உள்ள சில விவரங்களைக் கேட்டு நிறுவனம் ஒத்துப் பார்க்கிறது. பதிவு செய்த அலைபேசி எண், பிறந்த தேதி, முகவரி, தாயின் பெயர், பாலிசி எண் போன்றவை இவ்வகையின.

நம் வீட்டு முதியவர்கள் இச்சோதனையில் உண்மையைக் கூறியும் தோற்பதுண்டு. பள்ளியில் சேர்க்கும்போது எழுதப்பட்ட பிறந்த தேதி ஒன்று. மெய்யான பிறந்த நாள் மற்றொன்று. ஆதாரில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்திருக்கும். பாலிசியில் முதலெழுத்து மட்டும் இருக்கும். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். தொலைபேசியில் பேசுபவர் உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சரிபார்ப்பதில்லை. தம் கணினியில் உள்ள பதிவையே சரிபார்க்கிறார். எனவே ஆதார், பாலிசி, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எவ்வாறு பதிவாகியுள்ளன என்பதை உடல்நலமாக இருக்கும் காலத்திலேயே எடுத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பணம் வேண்டிய வேளையில் இவ்வேறுபாடு தாமதத்தை உண்டாக்கும்.

அழைத்தது யார்?

விவரம் கேட்கப்பட்டதும் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா: இந்த அழைப்பைத் தொடங்கியது யார்?

பாலிசி அட்டையிலோ, வங்கி அட்டையின் பின்புறத்திலோ அச்சிடப்பட்ட எண்ணை நீங்களே பார்த்து அழைத்திருந்தால், மறுமுனையில் இருப்பது அந்நிறுவனம் என்று பெரும்பாலும் நம்பலாம். அப்போது பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் ஆகியவற்றைக் கூறுவது முறையானதே. அவற்றைக் கூற மறுத்தால் உங்கள் வேலைதான் நடவாது.

அவர்களே உங்களை அழைத்திருந்தால் நிலைமை வேறு. யார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அழைத்தவருடையது. உங்கள் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் அறுவை சிகிச்சை நடந்த நாளையும் அவர் சரியாகச் சொல்லலாம். அது அவர் மெய்யானவர் என்பதற்குச் சான்றாகாது. டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே பெயர், வயது, முகவரி, நோய் ஆகிய யாவும் உள்ளன. அதன் படத்தை நாமே உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறோம். திரையில் தோன்றும் எண்ணும் பெயரும்கூட முழுச் சான்றல்ல. நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கென 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. அது ஓர் உதவிக் குறிப்பு மட்டுமே.

ஆகவே, செய்ய வேண்டியது ஒன்றே. "நன்றி ஐயா, நானே உங்கள் அலுவலக எண்ணுக்கு அழைத்துப் பேசுகிறேன்" என்று கூறி அழைப்பைத் துண்டியுங்கள். பின்பு அட்டையில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். அவர் தரும் எண்ணையும், இணையத் தேடலில் முதலில் தோன்றும் எண்ணையும் பயன்படுத்த வேண்டாம். போலி வாடிக்கையாளர் சேவை எண்களைத் தேடலில் தென்படச் செய்வது பழகிப்போன மோசடி. மெய்யான அலுவலர் இதற்காகச் சினம் கொள்ளமாட்டார். "இப்போதே சொல்லாவிட்டால் கிளெய்ம் ரத்தாகிவிடும்" என்று அவசரப்படுத்துபவரிடம்தான் நாம் மிகுந்த நிதானம் காட்ட வேண்டும்.

அடையாளம் வேறு, சாவி வேறு

வீட்டுக் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதே கதவின் சாவியை நாம் எவரிடமும் கொடுப்பதில்லை. பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் ஆகியவை பெயர்ப்பலகையைப் போன்றவை. ஓடிபி, ஏடிஎம் பின், யுபிஐ பின், அட்டையின் பின்புறமுள்ள 3 இலக்க சிவிவி எண், இணைய வங்கிக் கடவுச்சொல் ஆகியவை சாவிகள்.

சாவிகளை எந்த மனிதரிடமும் வாய்விட்டுச் சொல்லலாகாது. அவர் அழைத்தாலும் சரி, நீங்கள் அழைத்தாலும் சரி, இவ்விதியில் மாற்றமில்லை. நீங்களே வங்கியை அழைக்கும்போது, தானியங்கிக் குரல் ஒரு குறியீட்டு எண்ணை விசைப்பலகையில் அழுத்தச் சொல்வதுண்டு. அங்கே எண்ணைக் கருவி பெற்றுக்கொள்கிறது, ஊழியர் கேட்பதில்லை. ஊழியர் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

"உங்கள் முன்பணத்தில் மீதியைத் திருப்பி அனுப்புகிறோம், யுபிஐ பின்னை அழுத்துங்கள்" என்பது நோயாளிகளைக் குறிவைக்கும் சொல். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. அனுப்புவதற்கே அது தேவை. அதுபோல, அலைபேசித் திரையைப் பிறர் காணச் செய்யும் செயலியைப் பதிவிறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நீங்கள் எதையும் சொல்லாமலேயே ஓடிபி அவர் கண்ணில் பட்டுவிடும்.

மருத்துவமனை வளாகத்தில்

காப்பீட்டு அனுமதி பெரும்பாலும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடப்பது. 2024ஆம் ஆண்டு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட விதிப்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், வீடு திரும்பும் வேளையின் இறுதி அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் நிறுவனம் விடையளிக்க வேண்டும். காத்திருக்கும் அந்நேரத்தில் யாரேனும் அழைத்துப் பணமோ ஓடிபியோ கேட்டால், விடையளிக்காமல் கீழ்த்தளத்திலுள்ள காப்பீட்டுப் பிரிவுக்கு நேரில் சென்று விசாரியுங்கள்.

சில வேளைகளில் ஓடிபி முறையாகவே தேவைப்படும். ஆபா எனப்படும் சுகாதாரக் கணக்கை ஆதார் வழியாகத் தொடங்கும்போது, ஆதாருடன் இணைந்த அலைபேசிக்கு ஓடிபி வரும். நம் ஊழியர் கவுன்டரில் நேருக்கு நேர் கேட்கும்போது, அந்தக் குறுஞ்செய்தியை முழுமையாகப் படியுங்கள். எதற்கான ஓடிபி என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கேட்கும் வேலையும் செய்தியில் உள்ள வேலையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே தொடருங்கள். ஆதார் நகல் தர வேண்டிய இடத்தில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமா என்று கேட்பது உங்கள் உரிமை.

வார்டு நடைக்கூடத்தில் நின்று அட்டை எண்ணை உரக்கப் படிக்க வேண்டாம். கேட்கும் காதுகள் அங்கே பல.

நோயாளியே பேசலாமா?

நரம்பியல் மருத்துவன் என்ற முறையில் இப்பகுதியைச் சற்று அழுத்தமாகக் கூறுகிறேன். மயக்க மருந்தின் துணையுடன் எண்டோஸ்கோபி போன்ற பரிசோதனை செய்துகொண்டவர்களை, 24 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டவும் முக்கிய ஆவணங்களில் கையெழுத்திடவும் வேண்டாம் என்கிறோம். தெளிவாகப் பேசுவது போலத் தோன்றினாலும் அவர்தம் கவனமும் நினைவும் முழுமையாகத் திரும்பியிரா. பணம் தொடர்பான தொலைபேசி அழைப்புகளுக்கும் இதுவே விதி. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குழப்பநிலையில் உள்ள முதியவர், கேட்டதற்கெல்லாம் ஆம் என்று சொல்லிவிடக்கூடும்.

மறதி நோயின் தொடக்கத்தில், வழக்கமான உரையாடல் கெடுவதற்கு முன்னரே பணக் கணக்கில் தடுமாற்றம் தோன்றுவதுண்டு. ஒரே கட்டணத்தை இருமுறை செலுத்துதல், அறியாதவரை எளிதில் நம்புதல், பின் எண்ணை மறத்தல் ஆகியவை புதிதாகத் தோன்றினால் கடிந்துகொள்ள வேண்டாம். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

அவர் சார்பில் நீங்கள் பேசும்போது

பக்கவாதத்தால் பேச்சிழந்த தந்தைக்காக மகன் அழைக்கிறார். "பாலிசிதாரரிடமே பேச வேண்டும்" என்கிறது நிறுவனம். தந்தையாகவே நடித்து விடை கூறிவிடலாம் என்று தோன்றும். அது வேண்டாம். இவ்வழைப்புகள் பெரும்பாலும் பதிவு செய்யப்படுகின்றன; பிற்பாடு அதுவே சிக்கலாகும். "நான் அவருடைய மகன், அவர் பேச இயலாத நிலையில் இருக்கிறார், என்ன ஆவணம் வேண்டும்?" என்று உண்மையைக் கேளுங்கள். நோய்நிலை குறித்த சான்றிதழை மருத்துவரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

வங்கிகளுக்கும் இதற்கென ரிசர்வ் வங்கியின் வழிமுறை உண்டு. கையெழுத்திட இயலாத நோயாளியின் கைப்பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையை, வங்கி அறிந்த இரு சாட்சிகள் உறுதி செய்தால் பணம் எடுக்கலாம். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். நாமினியாக இருப்பது, கணக்குடையவர் உயிருடன் இருக்கும்போது கணக்கை இயக்கும் உரிமையைத் தராது. எனவே நாள்பட்ட நோயின் தொடக்கத்திலேயே, நோயாளியின் முழுச் சம்மதத்துடன், நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கூட்டுக் கணக்கில் சேர்ப்பது பற்றிக் குடும்பமாக அமர்ந்து பேசுங்கள்.

ஏமாற்றப்பட்டுவிட்டால்

பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4½ மணி நேரமே அவகாசம் என்று அடிக்கடி கூறுகிறோம். பணமோசடியிலும் நேரமே மருந்து. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வாய்ப்புண்டு.

1. உடனே வங்கியை அழைத்து அட்டையையும் கணக்கின் இணையச் சேவையையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தொகை, நேரம், பரிமாற்றக் குறிப்பெண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

3. அழைப்பு விவரங்களையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள், அவையே சான்று.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரோ வங்கியோ தவறு செய்யாமல் வேறு வழியில் பணம் போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியினுடையது. இவ்விரண்டு நிலையிலும் விரைந்து சொல்வதே நன்மை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஏமாந்துபோன முதியவரைத் திட்டாதீர்கள். திட்டுவார்களே என்ற அச்சத்தால்தான் பலர் செய்தியை மறைக்கிறார்கள்; மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பைப் பெருக்கும். "என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள் அப்பா" என்று இன்றே சொல்லி வையுங்கள்.

வங்கி, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவு ஆகியவற்றின் எண்களை அட்டைகளிலிருந்து பார்த்து, 1930 என்ற எண்ணையும் சேர்த்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதை மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். யார் அழைத்தாலும், அந்தத் தாளில் உள்ள எண்ணுக்கு நீங்கள் திரும்ப அழைத்த பிறகே பேச்சு தொடரட்டும்.