சீலிங் இடுக்கை அடைத்த பிறகு பூசலாம், தங்கச்சி

காம்பராவை ஜிப்சம் போர்ட் வைத்துப் பிரித்தாயிற்று, சீலிங்கும் அடித்தாயிற்று என்றாய். சந்தோஷம். ஆனால் நாளைக்கே பூச்சு வேலைக்கு பாஸை வரச் சொல்லாதே. சுவர் போர்டும் சீலிங் போர்டும் சேருகிற மூலையில் இடுக்கு இருக்கும், முதலில் அதை அடைக்க வேண்டும். மேலே மெல்லிசாகப் பூசுகிற பூச்சு வெற்றிடத்தின் மேல் நிற்காது, வெடித்துவிடும்.

2018 ஆகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் கையளித்த 404 வீடுகளைப் பார்த்திருப்பாய். ஒவ்வொன்றும் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி. அந்த அளவு வீட்டில் பிள்ளைகள் படிக்க ஒரு மூலை ஒதுக்க, போர்ட் சுவர் நல்ல வழிதான். ஆனால் நம்ம பக்கம் தகரக் கூரை பகல் வெயிலில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கும். அதோடு போர்ட் அடித்த சட்டமும் கொஞ்சம் அசையும். அந்த அசைவு முதலில் தெரிவது இந்த மூலையில்தான்.

ஒரு நல்ல மழை பெய்த பிறகு கூரைக்குள் டோர்ச் அடித்துப் பார். ஆணி ஓட்டையில் ஒழுகுகிறதா, விடியக்காலையில் தகரத்தின் அடியில் வியர்த்துச் சொட்டுகிறதா? அதைச் சரிசெய்யாமல் கீழே என்ன பூசினாலும் வீண். ஜிப்சம் நனைந்தால் பலம் போய்விடும்.

தீக்குச்சி நுழையாத இடுக்கென்றால் டேப்பும் பூச்சும் போதும். அதற்கு மேல் சுண்டுவிரல் போகிற அளவு வரை ஃபில்லர் வைத்து அடை. அதைவிடப் பெரிசென்றால் போர்டில் ஒரு கீற்று வெட்டி, சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டு, மிச்சத்தை அடை. பேப்பரைச் சுருட்டித் திணிக்க விடாதே. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூச்சுக்குப் பிடிமானமும் தராது. சிலிக்கனும் வேண்டாம், அதன்மேல் பூச்சும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது.

ஃபில்லர் வாங்கும்போது வாளியில் குழைத்து வருவதை எடுக்காதே. அது காற்றில் காய்ந்துதான் இறுகும், காயக் காயச் சுருங்கும். மூடுபனி நாளில் ஆழமான இடுக்குக்குள் அது எப்போது காயும்? தண்ணீர் கலந்ததும் தானாக இறுகுகிற ஜிப்சம் பவுடர்தான் நமக்குச் சரி. தண்ணீரை முதலில் ஊற்றி அதில் பவுடரைத் தூவு. கையில் முடிகிற அளவு மட்டும் கலக்கு. இறுகத் தொடங்கினதை மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் பலம் இருக்காது. வாளியையும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவு, ஓரத்தில் காய்ந்த துணுக்கு கிடந்தால் அடுத்த கலவை சீக்கிரமே கட்டியாகிவிடும்.

இடுக்கில் தூசியைத் தட்டிவிட்டு, பட்டி பிளேடால் உள்ளே அழுத்தித் தள்ளு. ஆழமென்றால் இரண்டு தடவையாக வை. இறுகினதும் பேப்பர் டேப்பை நடுவில் மடித்து, மெல்லிய ஃபில்லர் மேல் மூலையோடு பதித்து, அடியில் காற்றுக் குமிழ் இல்லாமல் பிளேடால் வழித்துவிடு. மறுநாள் பூசச் சொல். மழை விடாமல் பெய்தால் இன்னும் ஒரு நாள் பொறு.

உங்கள் பழைய சீலிங்கில் அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தால் அதை உரசவோ வெட்டவோ விடாதே. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரிய கேடு. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.

மிஞ்சிய பவுடரைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வை.