நாலு பேர் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதுவது எப்படி?

தனியாக உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதுவது ஒரு வேலை. நாலு பேர் சேர்ந்து அதையே எழுதுவது வேறு வேலை. முதல் வேலையைக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் அடிபட்டுத்தான் கற்றுக் கொள்கிறோம். நான் அப்படித்தான் கற்றேன். கல்லூரி புராஜக்ட் செய்யும் மாணவர்களும், நண்பர்களோடு சேர்ந்து சிறிய சாப்ட்வேர் எழுத நினைப்பவர்களும் அடிபடாமல் கற்றுக் கொள்ள இந்தப் பாடம் உதவும்.

என்ன நடந்தது?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சொந்த ஊரான போடிநாயக்கனூருக்கு வந்து, வீட்டு மாடியில் லேப்டாப்பை வைத்து வேலை செய்தேன். எங்கள் குழுவில் ஐந்து பேர், ஐந்து ஊர்களில் இருந்தோம். கடைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர்தான் எங்கள் வேலை. எல்லா பைல்களும் சர்வரில் ஒரே போல்டரில் இருக்கும். வேண்டியதை எடுத்துத் திருத்தி, மீண்டும் அங்கேயே போட்டு விடுவோம்.

ஆபீசில் இருந்தவரை இதில் தொல்லை இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் "இந்த பைலில் நான் கை வைக்கிறேன்" என்று சொன்னால் போதும். வீட்டிலிருந்து அப்படிச் சொல்ல முடியவில்லை. பில் தொகையை ரவுண்ட் செய்யும் இடத்தில் ஒரு தவறு இருந்தது. நானும் கோவையில் இருந்த நண்பரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இரண்டு நாள் அதையே சரி செய்தோம். அவர் அதே பைலில் தள்ளுபடிக் கணக்கையும் திருத்தி, மதியம் சர்வரில் போட்டார். மாலையில் நான் என் பைலை அதன் மேலேயே போட்டேன். அவர் செய்தது முழுவதும் அழிந்தது.

மறுநாள் கடைகளில் தள்ளுபடி தவறாக வந்தது. பழி நண்பர் மேல் விழுந்தது. "நான் சரி பண்ணித்தான்டா போட்டேன்" என்று போனில் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. வேலையை விட்டு விடுவதாகச் சொன்னார். மூன்று நாள் கழித்து அவர் வைத்திருந்த காப்பியையும் சர்வரில் இருந்ததையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அழித்தது நான்தான். அதுவரை அது எனக்கே தெரியாது. குழுவிடம் உடனே சொன்னேன். ஆனால் நண்பர் மூன்று நாள் பட்ட அவமானத்தைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

ஏல நிலையம் சொல்லும் பாடம்

போடியில் ஏலக்காய் ஏலம் நடப்பது பலருக்குத் தெரியும். வரும் சரக்கை லாட் லாட்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு எண் உண்டு. சாம்பிள் வியாபாரிகள் கைக்குப் போகும். வரிசைப்படி லாட் லாட்டாக ஏலம் போகும். எத்தனை கிலோ, என்ன விலை, வாங்கியது யார் என்பதெல்லாம் அந்த எண்ணோடு பதிவாகும். 2021ஆம் ஆண்டு நறுமணப் பொருட்கள் வாரியம் போடியையும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில் உள்ள புத்தடியையும் கிளவுட் முறையில் இணைத்தது. இரண்டு ஊர்களில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்க முடிந்தது.

இடம் இரண்டானாலும் குழப்பம் வராததற்குக் காரணம், எண்ணும் பதிவும் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதுதான். எங்கள் குழுவில் இல்லாதது அதுதான்.

முதல் படி: ஒரு பலகை

ஒரு சார்ட் பேப்பரில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். 'செய்ய வேண்டியது', 'செய்து கொண்டிருப்பது', 'முடிந்தது' என்று தலைப்பு கொடுங்கள். ஒவ்வொரு வேலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எண் போட்டு, முதல் கட்டத்தில் ஒட்டுங்கள். வேலையை எடுப்பவர் தன் பெயரை எழுதி நடுக் கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். ஒருவர் பெயரில் ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான் நடுவில் இருக்கலாம். வெவ்வேறு ஊர்களில் இருந்தால் 'டிரெல்லோ' போன்ற இணையப் பலகையைப் பயன்படுத்தலாம்.

இதன் மூலம் ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலை. தைச்சி ஓனோ என்ற பொறியாளர் அங்கே உருவாக்கிய முறைக்குக் 'கன்பன்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்று பொருள். பிறகு சாப்ட்வேர் துறையும் இதை எடுத்துக் கொண்டது.

இரண்டாம் படி: பழையதை அழிக்காத பைல்

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் 'கிட்' என்ற சாப்ட்வேரை எழுதினார். உலகம் முழுவதும் சிதறியிருக்கும் லினக்ஸ் புரோகிராமர்கள் ஒருவர் வேலையை ஒருவர் அழிக்காமல் சேர்ந்து எழுதுவதற்காக உருவானது அது. இதுவும் இலவசம்.

கமாண்டுகள் தெரியாவிட்டால் 'கிட்ஹப் டெஸ்க்டாப்' என்ற இலவசப் புரோகிராமை டவுன்லோட் செய்யுங்கள். பைல் மெனுவில் 'நியூ ரெபாசிட்டரி' கொடுத்து ஒரு போல்டரை உருவாக்குங்கள். உங்கள் பைல்களை அதில் போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கீழே இடது பக்கம் உள்ள 'சம்மரி' பெட்டியில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி, 'கமிட்' பட்டனை அழுத்துங்கள். பலகையில் உள்ள சீட்டு எண்ணையும் அந்த வரியில் சேர்த்து எழுதுங்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பதை 'ஹிஸ்டரி' பகுதியில் பார்க்கலாம்.

அந்தப் போல்டரை இணையத்தில் ஏற்றிக் குழுவோடு பகிர்ந்து கொண்டால், இரண்டு பேர் ஒரே வரியை மாற்றும்போது கிட் தானாக எதையும் அழிக்காது. இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். எங்களிடம் இது இருந்திருந்தால் நண்பருக்கு அந்த மூன்று நாள் வந்திருக்காது. ஒரு எச்சரிக்கை: புரோகிராம் போன்ற டெக்ஸ்ட் பைல்களில்தான் இந்த ஒப்பீடு தெளிவாகத் தெரியும். வேர்ட், படம் போன்ற பைல்களில் வரிவரியாகக் காட்டாது.

மூன்றாம் படி: இன்னொருவர் கண்

நீங்கள் எழுதியதை இன்னொருவர் படித்த பிறகே சீட்டு 'முடிந்தது' கட்டத்துக்குப் போக வேண்டும். நம் எழுத்துப்பிழை நம் கண்ணில் படாது அல்லவா? புரோகிராமும் அப்படித்தான்.

ஆள் சேர்த்தால் போதாதா?

வேலை தாமதமானால் இரண்டு பேரைச் சேர்ப்போம் என்பார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை மறுத்தார். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்பது அவர் கண்டது. புதியவருக்குச் சொல்லித் தர நேரம் வேண்டும். பேச வேண்டிய ஜோடிகளும் கூடும். ஐந்து பேர் என்றால் 10 ஜோடிகள், பத்து பேர் என்றால் 45 ஜோடிகள். ஆள் இரண்டு மடங்கு, பேச்சு நாலரை மடங்கு!

தவறு நடந்தால்

'யார் செய்தது?' என்று ஆரம்பித்தால் எல்லோரும் மறைக்கப் பார்ப்பார்கள். 'இது எப்படி நடக்க முடிந்தது?' என்று கேளுங்கள். எங்கள் குழுவில் விடை எளிது: யார் வேண்டுமானாலும் எதையும் அழிக்கலாம் என்று போல்டரை வைத்திருந்தோம். அதை மாற்றிய பிறகு அப்படி ஒரு பைல் தொலையவில்லை. நண்பரும் வேலையை விடவில்லை.

இந்த வாரமே ஒரு சிறிய வேலையை எடுத்து, இரண்டு நண்பர்களைச் சேர்த்துக் கொண்டு, பலகையும் கிட்டும் வைத்துச் செய்து பாருங்கள். பத்து நாளில் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.