உத்தரம் வளையும்போது உள்ளே நிகழ்வது என்ன?

தோட்டத்து லயத்தை விட்டு நகர்ப்புறத்தில் சொந்த வீடு வாங்கிய நம்மவர் பலர், சில ஆண்டுகளுக்குள் பின்புறம் ஒரு சமையற்கட்டையோ வாயிலின்மேல் ஒரு நிழற்தளத்தையோ கட்டிச் சேர்க்கின்றனர். குத்தகையாளர் கேட்ட கம்பியும் சிமெண்டும் வாங்கித் தந்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். கம்பி எவ்வளவு என்பதோடு, அது எங்கே கிடக்கிறது என்பதும் வீட்டின் உறுதியை முடிவு செய்கிறது. இதனை விளங்கிக்கொள்ள, உத்தரம் ஒன்று வளையும்போது அதனுள் நிகழ்வதை நாம் அறிதல் வேண்டும்.

இதற்கான பாடக்கருவி நம் கைக்கு எட்டியதே. விரற்கடை கனமுள்ள ரப்பர்த் துண்டு ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சம இடைவெளியில் மையினால் கோடுகள் இடுவோம். அதன் இரு முனைகளையும் இரண்டு செங்கற்களின்மேல் வைத்து நடுவில் அழுத்தினால், அடிப்பக்கத்தில் கோடுகள் விலகும், மேற்பக்கத்தில் நெருங்கும். அடிப்பக்கம் இழுபடுகிறது, மேற்பக்கம் அமுங்குகிறது. முன்னதை இழுவிசை என்றும் பின்னதை அமுக்கவிசை என்றும் பொறியியலார் வழங்குவர். இடையே நீளாமலும் குறுகாமலும் ஓர் அடுக்கு உண்டு. அதனை விட்டு மேலும் கீழும் விலக விலக விசை மிகும். ஆதலால், 2 அங்குலக் கனமும் 6 அங்குல அகலமும் உள்ள பலகையைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் மும்மடங்கு பாரம் தாங்கும். அதே பாரத்திற்கு ஒன்பதில் ஒரு பங்கே வளையும்.

1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ, முறியும் உத்தரத்தின் குறுக்குவெட்டு முழுவதும் இழுபடுவதாகவே கொண்டார். பின்வந்தோரே அதனைத் திருத்தினர். எனவே இப்பாடம் உடனே பிடிபடாவிடில் நாம் மனந்தளர வேண்டியதில்லை.

எல்லாப் பொருள்களும் இவ்விரு விசைகளையும் ஒருபடித்தாய்த் தாங்குவதில்லை. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரத்தையும் அத்தாப்பையும் விடுத்துச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். செங்கற்சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. செங்கல் பெரும்பாரத்தைச் சுமக்கும். ஆனால் இழுவிசைக்கு எளிதில் பிளவுபடும். 1897இல் நிறைவெய்திய சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் வரிசையாய் நிற்கும் வளைவுகள் அழகுக்கு மட்டும் உரியன அல்ல. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் அடுத்ததை அமுக்கியே நிற்கிறது. எஃகோ இரு விசைகளுக்கும் ஈடு கொடுக்கும். வாகனங்களுக்கு மேல்தளமும் நடப்போருக்குக் கீழ்த்தளமுமாகக் கிள்ளான் ஆற்றின்மேல் அமைந்த கோத்தா பாலம் எஃகினால் ஆனது.

கான்கிரீட்டு இவ்வகையில் செங்கல்லுக்கு உறவு. அமுக்கத்தில் அது தாங்குவதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கையே இழுப்பில் தாங்கும். அக்குறையை நிரப்பவே கம்பி இடுகிறோம். இரு சுவர்களுக்கு இடையே கிடக்கும் உத்தரத்தில் அடிப்பக்கம் இழுபடுவதால் முதன்மைக் கம்பிகள் அங்கே இருத்தல் வேண்டும்.

சுவரிலிருந்து முன்நீட்டிய நிழற்தளத்திலோ நிலைமை தலைகீழ். காண்டாக் கம்பைத் தோளில் வைத்துப் பால் வாளிகளைச் சுமந்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோள் நடுவே தாங்க, பாரம் முனைகளில் தொங்க, கம்பின் மேற்பக்கமே இழுபடும். முறிந்தால் தோளை ஒட்டி மேலிருந்தே விரியும். நிழற்தளம் அக்கம்பின் ஒரு பாதி போன்றது. அதில் முதன்மைக் கம்பிகள் மேற்பக்கத்தில் கிடந்து, பின்னுள்ள கட்டடத்தினுள் போதிய நீளம் ஊன்றியிருத்தல் வேண்டும். கான்கிரீட்டு ஊற்றும் ஆட்கள் கம்பிமேல் ஏறி மிதித்தால் அது அடிக்கு அமிழ்ந்துவிடும். பூசி முடித்தபின் எவர் கண்ணுக்கும் அது புலப்படாது. முட்டுகளை நீக்கும் நாளிலோ பின்னொரு நாளிலோ தளம் கீழே நிற்போர்மீது சரியும். ஆகையால் நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் பொறியியலாளரின் வரைபடமும் பெற்று, ஊற்றுவதற்கு முன்பே கம்பியின் இடத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மரவீடுகளிலும் இதே கணக்குதான். குழாய்க்கு இடம் விடுவதற்காக உத்தரத்தின் நடுப்பகுதியில் அடிப்பக்கத்தை வெட்டுவோர் உண்டு. மிகுதியாய் இழுபடும் நார்களையே அவர்கள் அறுத்துவிடுகின்றனர். துளை இட்டே ஆகவேண்டுமெனில், சிறு துளையாக உயரத்தின் பாதியில் இடுவது குறைந்த தீங்கு.

உத்தரத்தின் நடுவில் அடியிலிருந்து மேலேறும் விரிசலோ, நிழற்தளத்தின் மேற்பக்கத்தில் சுவரை ஒட்டி நீளும் விரிசலோ நாளுக்கு நாள் அகலுமானால், அதன்மேல் சாந்து பூசி மறைத்தல் கூடாது. அதன்கீழ் எவரையும் நடமாட விடாது, பொறியியலாளரை உடனே அழைக்க வேண்டும்.